சமையல் சோடா, தேவையான அளவு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். பள்ளிக்கூடத்தில் ஆசிட் நெடிக்கு நடுவே கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுப்பவள் அதை வேறெங்கே நிறுத்துவது? அன்று திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த பிரவுசிங் சென்டரில் அந்த மெயிலைப் படித்ததும் அது உச்சந்தலைக்கு ஏறியது.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள் அவை. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேரும்போது கரண்ட் தருகிற எரிபொருள் கலத்தை யார் வேண்டுமானாலும் வீட்டிலேயே செய்துகொள்ள வழி வேண்டும் என்று பல நாட்டு ஆட்கள் இணையத்தில் கூடியிருந்தார்கள். ஒருவர் போட்ட செய்முறையை மற்றவர்கள் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம். யாரும் உரிமை கொண்டாட முடியாது. முகம் தெரியாத அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி. நான் எழுதிப்போட்டது இருப்பதிலேயே மலிவானது: தீர்ந்துபோன டார்ச் பேட்டரிக்கட்டையின் கரிக்குச்சி இரண்டு, சமையல் சோடா கரைத்த தண்ணீர். ஒன்பது வோல்ட் பேட்டரியைக் கொஞ்ச நேரம் இணைத்தால் குச்சிகளில் வாயு சேரும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, பாட்டுப் பாடும் கிறிஸ்துமஸ் கார்டிலிருந்து பிரித்த சின்ன மின்சில்லை மாட்டினால் அது பாடும். எங்கள் வீட்டில் பாடியது.

மூன்று பேர் செய்துபார்த்தும் ஒருவருக்கும் வேலை செய்யவில்லை, உங்கள் பக்கத்தை எடுத்துவிடப் போகிறோம் என்றது தளத்தை நடத்துபவர்களின் மெயில்.

"என்னைப் பொய்க்காரின்னு நினைச்சுட்டாய்ங்க" என்று வீட்டுக்கு வந்து பொரிந்து தள்ளினேன்.

என் வீட்டுக்காரர் வரலாற்று ஆசிரியர். என் கோபத்துக்குப் பழகியவர். நான் எழுதிய பக்கத்தின் பிரிண்டை வாங்கிக்கொண்டார். "இதைப் பாத்து நான் செய்யிறேன். நீ செத்த நேரம் வாயத் தொறக்காம உக்காரு."

முதல் வரியிலேயே நின்றார். "சோடா தேவையான அளவுன்னா எம்புட்டு?"

"சட்னிக்கு உப்பு அளந்தா போடுறோம்?"

"அவிய்ங்க என்ன சட்னியா அரைக்கிறாய்ங்க?"

தோராயமாகப் போட்டுக் கலக்கினார். பேட்டரிக்கட்டையை உடைத்துக் குச்சிகளை உருவி, துடைத்து, நேராகத் தண்ணீரில் விட்டார். ஒன்பது வோல்ட் பேட்டரியை இணைத்தார், கழற்றினார், சில்லை மாட்டினார். சில்லு மூச்சுவிடவில்லை. அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை.

"அடுப்புல காட்டாம எப்பிடிங்க பாடும்? மெழுகு போகணும்ல?"

"அது எங்க எழுதியிருக்கு?"

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இல்லை. அந்தக் குச்சியில் மெழுகு ஏற்றியிருப்பார்கள். அது எரிந்து போகாவிட்டால் வாயு தங்காது. கேஸ் அடுப்பில் சிவக்கக் காட்டுவது எனக்கு அப்பளம் சுடுவதுபோல் கை தானாகச் செய்கிற வேலை. அதையும் எழுத வேண்டும் என்று தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட நிம்மதி அதிகமாக இருந்தது.

மறுநாளே திருத்தி அனுப்பினேன். எத்தனை ஸ்பூன் சோடா, எத்தனை டம்ளர் தண்ணீர், குச்சி என்ன நிறம் வரும்வரை அடுப்பில், ஆறிய பிறகுதான் தொட வேண்டும் என்பதுவரை எதையும் விடவில்லை. புதிதாக ஒருவருக்காவது வேலை செய்தால் பக்கம் இருக்கும் என்று பதில் வந்தது. அதன் பிறகு சத்தமே இல்லை. பள்ளி விட்டதும் சென்டருக்குப் போவதும் வெறும் கையோடு திரும்புவதுமாக இருந்தேன்.

ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான தவக்காலம் பாதி கடந்தபோது, அந்தக் கூட்டத்தில் யாரோ ஒருவரிடமிருந்து ஒரு மெயில் வந்தது. எழுத்து ஒன்றுமில்லை, ஒலிக் கோப்பு மட்டும். அது இறங்குவதற்குள் பொறுமை போய்விட்டது. ஹெட்போன் கெட்டிருந்ததால் சென்டர்க்காரர் ஸ்பீக்கரில் போட்டார். கரகரப்புக்கு நடுவே கீச்சுக்குரலில் ஒரு கிறிஸ்துமஸ் மெட்டு தொடங்கி, கொஞ்சம் பாடி, வாயு தீரத் தீர இழுத்து இழுத்து நின்றது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

சென்டர்க்காரரும் எங்கள் சர்ச்சுக்கு வருகிறவர்தான். "தவக்காலத்துல கிறிஸ்துமஸ் பாட்டா, டீச்சர்?" என்றார்.

"ஆமாண்ணே. இன்னொரு தடவை போடுங்க."