மகுடேஸ்வரன் சாரின் முழு எண்கள்

நெருப்பெரிச்சலில் ஒரு பனியன் கம்பெனியின் மேல்மாடியில் வங்கித் தேர்வுப் பயிற்சி நடத்துகிறார் மகுடேஸ்வரன். அதற்கு முன்னால் பேக்கிங்கில் சூப்பர்வைசர். பெட்டிக்கு இத்தனை பீஸ் என்று எண்ணிக்கொண்டிருந்த மனிதர், எண்ணத் தெரிந்தால் கணக்கு வாத்தியார்தானே என்று மாடியேறிவிட்டார். ஆலையில்லாத ஊரில் இலுப்பைப்பூ சர்க்கரை.

இந்துமதி வேறு வழியில்லாமல் எங்களோடு அவரிடம் சேர்ந்தாள். “இந்தத் தடவ தேறலீன்னா உடுமலைப்பேட்டை மாப்பிள்ளைக்குச் சரின்னு சொல்லிருவேன்” என்று அப்பா கிட்டுசாமி கெடு வைத்திருந்தார். அந்த மாப்பிள்ளையை அவளுக்குத் துளியும் பிடிக்கவில்லை.

தேர்வில் ஒரு வகைக் கேள்வி உண்டு. விடையைக் கண்டுபிடிக்க வேண்டாம்; கொடுத்திருக்கும் தகவல் போதுமா, போதாதா என்று சொன்னால் சரி. ஒருநாள் சார் பலகையில் எழுதினார்: ஓர் எண்ணை மூன்றால் பெருக்கினால் இரட்டை எண் வருகிறது. அந்த எண் இரட்டை எண்ணா?

“தகவல் போதும். இரட்டைதான். அடுத்தது” என்றார்.

“முழு எண்ணுன்னு சொல்லலீங்களே சார்” என்றாள் இந்துமதி. “மூணுல ரெண்டு பங்கா இருந்தா? அதையும் மூணால பெருக்குனா ரெண்டு வருதுங்களே. அப்பத் தகவல் போதாதுங்க.”

சார் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

“ஏனுங்க அம்மிணி, முக்கால் பனியனை எவனாச்சும் பெட்டியில போடுவானுங்களா?”

நாங்கள் அத்தனை பேரும் கைதட்டினோம். அப்படிப்பட்ட வாத்தியாருக்கு அப்படிப்பட்ட கும்பல்.

தேர்வில் அதே வகைக் கேள்விகள் வரிசையாக வந்தன. சார் சொன்னதற்கு நேர் எதிராகப் போட்டு இந்துமதி தேறினாள். வகுப்பில் தேறியது அவள் ஒருத்திதான். மறுநாளே தெருமுனையில் ஃபிளெக்ஸ் எழும்பியது. அவள் படம் தபால்தலை அளவு, சார் படம் ஆளுயரம். வெட்கம் என்ற பாடத்தை அந்த மனிதர் எங்குமே படித்ததில்லை.

கிட்டுசாமி பழத்தட்டும் சால்வையுமாக மாடியேறினார். கூடவே இளைய மகள் ஜெயபாரதி. படியிலேயே இந்துமதி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்பா, அவரு சொல்லிக்குடுத்தது தப்புங்கப்பா. நானாத்தான் யோசிச்சுப் போட்டேன்.”

“தேறுனதும் வாத்தியாரையே குறை சொல்றதா கண்ணு? கேட்டா ஊரே காறித் துப்பும்.”

மேலே போய்ச் சாருக்குச் சால்வை போர்த்தினார். “சின்னவளையும் உங்ககிட்டயே உடறனுங்க. அக்காளுக்கு வெச்ச கெடுதான் இவளுக்கும். உங்ககிட்டப் படிச்சும் தேறலீன்னா கோளாறு இவகிட்டத்தானுங்க. உடுமலைப்பேட்டைக்காரங்க சின்னவளா இருந்தாலும் சரின்னுட்டாங்க.”

“கவலையே வேண்டாமுங்க” என்றார் மகுடேஸ்வரன், சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு.