எல்லாவற்றுக்கும் ஒரே தோட்டா

லீலண்ட் டோர்கர்சனிடம் என்ன கேட்டாலும் ஒரே பதில்தான் கிடைக்கும். சமவெளி மானுக்கு எந்தத் தோட்டா? "முப்பது சைபர் ஆறு." மலையில் எல்க் என்ற பெரிய மானைச் சுட? "முப்பது சைபர் ஆறு." கரடிக்கு? "குண்டு கொஞ்சம் கனமா இருக்கட்டும். தோட்டா அதேதான்." மொன்டானாவின் ஒரு சின்ன ஊரில், ஹார்ட்வேர் கடையின் பின்கோடியில், பெயின்ட் டப்பாக்களைத் தாண்டி இருக்கும் துப்பாக்கி கவுன்டரில் முப்பத்தோரு வருடமாக நின்று இதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. நூற்றைம்பது கிரெயின் எடையுள்ள குண்டு வைத்த தோட்டாவைப் போட்டால் மானுக்கு ஆகும், நூற்றெண்பது போட்டால் எல்க்குக்கு ஆகும், இருநூற்றிருபது போட்டால் கரடிக்கே ஆகும். துப்பாக்கி மாற வேண்டியதில்லை. ஆனால் துப்பாக்கியைத் தோளில் தாங்கப்போகிறவர் யார், எப்படிப்பட்டவர் என்று மட்டும் அவர் ஒருநாளும் கேட்டதில்லை. நாற்பத்தைந்து கிலோ எடையுள்ள பள்ளி ஆசிரியைக்கும் அதையே விற்றார். அந்த அம்மாள் இரண்டு முறை சுட்டு, தோளில் விழுந்த உதை தாங்காமல் மூன்றாவது நாள் திருப்பிக் கொடுத்துவிட்டாள். "வேட்டைக்கு ஏத்த ஆள் இல்லை" என்று தீர்ப்புச் சொன்னார் லீலண்ட்.

அதைவிடப் பெரிய பெருமை ஒன்று அவருக்கு உண்டு. "நம்ம தோட்டா பட்டா மிருகம் எப்படி விழுந்துச்சுன்னே தெரியாது. சத்தம் கேக்கும், பார்த்தா படுத்துக் கிடக்கும்." இதை வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

அவருக்குப் பிடிக்காதது ஆறரை. ஆறரை மில்லிமீட்டர் தோட்டா, உதை குறைவு, இப்போது பாதி ஊர் அதைத்தான் கேட்கிறது. மாடு வளர்க்கும் ராய்ஸ் ஸ்டென்பெர்க் இரண்டு வருடத்துக்கு முன் ஒன்று வாங்க வந்தபோது, "ஆபீஸ்ல பேப்பர் குத்தவா ராய்ஸ்? ஸ்டேப்ளர் முன்பக்கம் மூணாவது வரிசையில இருக்கு" என்றார். கடையே சிரித்தது. ராய்ஸ் காது சிவக்க வாங்கிக்கொண்டு போனார்.

அதே கவுன்டரில் இருபது வருடமாக வேட்டை உரிமம் விற்கும் கானி ப்ரெக்கே என்ற பெண் சுடுவதும் ஆறரைதான். வருடம் தவறாமல் ஒரு எல்க், ஒரு மான். அதை அதிர்ஷ்டம் என்பார் லீலண்ட். போன வருடம் லீலண்டின் எல்க்குக்கு நான்கு தோட்டா செலவானது. அதற்கு, "கிழட்டுக் காளை, கெட்டி உசுரு" என்றார்.

ஜூன் மாதம் அரசுக் குலுக்கலில் லீலண்டுக்கு, எல்க்கைவிடப் பெரிய மானான மூஸைச் சுட அனுமதி விழுந்தது. இருபத்துநான்கு வருடம் விடாமல் விண்ணப்பித்து, இருபத்துநான்கு வருடம் இல்லை என்ற கடிதம் வாங்கியவர். வயது அறுபத்தாறு. இன்னொரு இருபத்துநான்கு வருடத்துக்கு அவரிடம் இடமில்லை, அது அவருக்கே தெரியும். மனைவி வெர்னா மூஸ் இறைச்சிக்காக ஃப்ரீசரைக் காலி செய்ய ஆரம்பித்தாள்.

ஆகஸ்டில், ஊருக்கு வெளியே சரளைக்குழியில் துப்பாக்கியைச் சரிபார்க்கப் போனார். ஒரு குண்டு மேலே, ஒன்று இடப்பக்கம், ஒன்று இலக்குக் காகிதத்திலேயே இல்லை. முதலில் குறிபார்க்கும் ஸ்கோப்பைத் திட்டினார், மாற்றினார். பிறகு தோட்டாப் பெட்டியைத் திட்டினார், அதையும் மாற்றினார். மூன்றாவது ஞாயிறு திட்டுவதற்குக் காற்று ஒன்றுதான் மிச்சம். அன்றைக்குக் காற்றே இல்லை. கூட வந்திருந்த கானி எழுந்து வந்தாள்.

"நான் தோட்டா போட்டுத் தரேன். நீ சுடு, போதும்."

மூன்று சுட்டார். நான்காவதாக அவள் தந்தபோது அவர் இலக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். விசையை இழுத்தார். டிக் என்று மட்டும் கேட்டது. வெடிக்காத துப்பாக்கியின் முனை, வெடித்ததுபோலவே ஒரு சாண் கீழே பாய்ந்தது. அவள் போட்டிருந்தது மருந்தில்லாத வெற்றுத் தோட்டா. புதிதாகச் சுடுகிறவர்கள் உதைக்குப் பயப்படுகிறார்களா என்று கண்டுபிடிக்க லீலண்டே எத்தனையோ பேரிடம் செய்த வேலை அது.

பக்கத்தில் சுடுவதற்கான மேசையில் உட்கார்ந்திருந்த ராய்ஸ் ஃப்ளாஸ்கைத் திறந்து காபி ஊற்ற ஆரம்பித்தார், அதில் ரொம்பக் கவனமாக.

"கண்ணை மூடிக்கிறே, லீலண்ட்."

"மூடல."

"மூடறே. குதிரை உன்னைத் தள்ளித் தோள் எலும்பு முறிஞ்சதே, அதுலேர்ந்தா?"

அதற்குப் பதினெட்டு வருடம் ஆகிறது. லீலண்ட் துப்பாக்கியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"என்னோட ஆறரையை எடுத்துட்டுப் போயேன்."

"மூஸ் ஆயிரம் பவுண்டு இருக்கும். அதுகிட்ட ஸ்டேப்ளரை நீட்டச் சொல்றியா?"

"உங்க தாத்தா ஊரான நார்வேல நூறு வருஷத்துக்கு மேல ஆறரையிலதான் மூஸ் சுடறாங்க. அங்கே மூஸைக் காகிதத்துலயா செஞ்சு வெச்சிருக்காங்க?"

அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வீம்பு என்றால் அப்படி ஒரு வீம்பு.

அக்டோபர் முதல் வாரம், தன் பழைய துப்பாக்கியோடு வில்லோ புதர்கள் மண்டிய சதுப்புக்குப் போனார். ஐந்தாம் நாள் காலையில் அது வந்தது. கொம்பு விரிந்த காளை மூஸ், தொண்ணூறு கஜத்தில், பக்கவாட்டில் நின்று மென்றுகொண்டிருந்தது. இதைவிட நல்ல நிலையை எவரும் கேட்க முடியாது. அவர் குறிவைத்தார். விரல் விசையில் அழுந்தத் தொடங்கியதும் தன் இமைகள் இறங்குவதை உணர்ந்தார். விரலை எடுத்தார், இமை ஏறியது. மறுபடி அழுத்தினார், மறுபடி இறங்கியது. தன் கண் தன் பேச்சைக் கேட்கவில்லை என்பதை அங்கே உட்கார்ந்துதான் முதல்முறையாகத் தெரிந்துகொண்டார். குண்டு வயிற்றில் பட்டு, அந்த மிருகம் மூன்று நாள் அலைந்து சாவதை நினைத்தார். துப்பாக்கியை இறக்கினார். மூஸ் மென்று முடித்துப் புதருக்குள் நடந்தது.

வெர்னாவிடம், "ஒண்ணும் கண்ணுல படல" என்றார்.

மான், எல்க் வேட்டைப் பருவம் எல்லோருக்கும் திறப்பதற்கு முந்தைய சனிக்கிழமை. கடையில் நிற்க இடமில்லை. யாரும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமையாகப் பார்த்து அவர் கேட்டிருக்கலாம். ஏன் கேட்கவில்லை என்று வெர்னாவுக்கு இன்றுவரை புரியவில்லை. கவுன்டரைச் சுற்றிக்கொண்டு வாடிக்கையாளர்கள் நிற்கும் பக்கம் வந்து நின்றார்.

"கானி, எனக்கு ஒரு ஆறரை வேணும்."

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வரிசையில் நின்ற ராய்ஸ்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"யாருக்கு லீலண்ட், பேத்திக்கா?"

"எனக்கு."

"வீட்டுல பேப்பர் நிறைய சேர்ந்துபோச்சா?"

கடை அதிர்ந்தது. லீலண்டின் முகம் கழுத்துவரை சிவந்தது. சிரிப்பு அடங்கும்வரை நின்றார்.

"ரெண்டு வருஷம் நான் சொன்னேன். நீ ஒரு நாள் சொல்லிட்டுப் போ," என்றார்.

கானி துப்பாக்கி வாங்கும் படிவத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "எங்க கையெழுத்துப் போடணும்னு தெரியுமில்ல?"

"போடி," என்றார் அவர்.

தினமும் வேலை முடிந்ததும் சரளைக்குழிக்குப் போனார். வெற்றுத் தோட்டாவும் நிஜத் தோட்டாவும் கலந்து கானி போட்டுக் கொடுப்பாள். முதல் வாரம் முனை துள்ளியது. மூன்றாவது வாரம் அசையாமல் நின்றது.

நவம்பர் நடுவில் முழங்கால் பனி. அதே சதுப்பு. அதே காளையா என்று தெரியாது, கொம்பில் ஒரு கிளை உடைந்திருந்தது. கானி பத்தடி பின்னால் உட்கார்ந்திருந்தாள். லீலண்ட் வெகுநேரம் காத்திருந்தார். பிறகு அவசரமில்லாமல் விசையை அழுத்தினார்.

முன்னங்காலுக்குப் பின்னால் ரோமம் லேசாகச் சிலிர்த்தது. காளை தலையைத் தூக்கியது. மூன்று அடி நடந்தது. முன்முழங்கால் மடங்கியது, பிறகு பின்பக்கம், பிறகு அந்தப் பெரிய தலை மெதுவாகப் பனிமேல் சாய்ந்தது.

அவர் எழுந்திருக்கவில்லை. கானி பக்கத்தில் வந்தபோது அவர் கன்னம் நனைந்திருந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

"கானி, அது விழுந்ததை நான் பார்த்தேன்."

"நானும்தான் பார்த்தேன்."

"இல்ல. பதினெட்டு வருஷமா நான் ஒண்ணுகூடப் பார்த்ததில்ல."

சொல்வதற்கு அவளிடம் கேலி ஒன்று தயாராக இருந்தது. அதைச் சொல்லாமல் தோலுரிக்கும் கத்தியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.