செலஸ்ரீனாவின் காதுக்குள் நடந்தவர்

செலஸ்ரீனாவின் இடது காதுக்குள் அவளுடைய புருஷன் நடந்துகொண்டிருந்தார். செத்துப் போனவர்தான். அந்தோனிமுத்து என்று பெயர். பிரஷர் குளிசையைப் பாதியில் விட்டு, பாரிசவாதம் வந்து, இத்தாலியின் பலெர்மோவில், கபோச் சந்தைத் தெருவின் அந்தச் சின்ன வீட்டுக்குள் ஒரு காலை இழுத்து இழுத்தே திரிந்து கண்ணை மூடிய மனுசன். அவரை அடக்கம் செய்த பிறகு வந்த மாரிகாலத்தில் ஒருநாள் மத்தியானம், சந்தைக்காரர் கடைகளை மூடித் தெரு அடங்கிய நேரம், அவளுக்குக் கேட்டது. சரக், சரக். செருப்பு இழுபடுகிற அதே சத்தம்.

அவள் ஒருவருக்கும் மூச்சு விடவில்லை. சொன்னால் ஆத்துமாவுக்குப் பூசை ஒப்புக்கொடு என்பார்கள். ஒப்புக்கொடுத்தால் அவர் போய்விடுவார்.

பணக்காரர் இருக்கும் பொலிதேயாமாப் பக்கத்தில், ஒரு சிஞ்ஞோராவின், இத்தாலிய எசமானியின், வீட்டில் இஸ்திரிப்பெட்டியால் துணி அழுத்துவதுதான் அவளுக்கு வேலை. அவளுக்கும் பிரஷர் இருந்தது. டொக்டர் தந்த குளிசையைத் தவறாமல் போட்டாள். ஆனாலும் அது இறங்கவில்லை. டொக்டர் இன்னொன்று சேர்த்தார். அதற்கும் அசையவில்லை.

மகள் அமலினி கண் கலங்கிவிட்டாள். "அப்பா மாதிரி நீங்களும் கிடையிலை விழப்போறியளோ? சிஞ்ஞோரா கழுத்து நோவுக்குப் போற சீனத்து வைத்தியரிட்டை ஒருக்கா போவம்."

"சீனாக்காரி என்ரை குளிசையை நிப்பாட்டச் சொன்னா, அந்தப் படியாலையே திரும்பி வந்திடுவன், சொல்லிப்போட்டன்."

லின் என்ற அந்தப் பெண் பலெர்மோவிலேயே பிறந்து வளர்ந்தவள். முதலில் குளிசைகளைத்தான் பார்க்கக் கேட்டாள். ஒன்றையும் நிறுத்தக் கூடாது, தான் உடம்பில் மெல்லிய ஊசிகள் குத்துவது அதற்குத் துணைக்கு மட்டும் என்றாள். மூன்று விரலால் நாடி பிடித்தாள். பிறகு நாக்கை நீட்டச் சொன்னாள். நாக்கு மஞ்சளாய்க் கிடந்தது.

"என்ன சப்புகிறீர்கள், அம்மா?"

"அதிமதுர வேர். அது மருந்தில்லை. தொண்டைக்கு."

செலஸ்ரீனா மன்னார்ப் பக்கத்துப் பேசாலைக்காரி. ஈஸ்டருக்கு முந்திய தபசுகாலத்தில் கோயிலில் மாதாவின் வியாகுலப் பாட்டு எடுத்துக் கொடுப்பவள் அவள்தான். குரல் கட்டாமல் இருக்க வேரைக் கன்னக் கொடுப்புக்குள் அடக்கிக்கொள்வது ஊர்ப் பழக்கம். பலெர்மோச் சந்தையில் அது மலிவாய்க் கிடைத்ததும், தபசு முடிந்த பிறகும் விடவில்லை. வேறென்ன வாயில் போடுகிறாய் என்று டொக்டர் கேட்கவில்லை; மருந்தில்லையே என்று அவளும் சொல்லவில்லை.

லின் தலையை ஆட்டினாள். "எங்கள் கசாயத்திலும் இதைப் போடுவோம். உங்களுக்கு மட்டும் போடமாட்டேன். குளிசை இறக்குகிற பிரஷரை இது ஏற்றிக்கொண்டிருக்கிறது." கையோடு டொக்டருக்கும் போன் போட்டுச் சொன்னாள். அவர் இரத்தம் எடுத்துப் பார்த்தார், அந்த வேரால் பொட்டாசியமும் குறைந்திருந்தது. இருவரும் ஒரே வாயாய் வேரை நிறுத்தச் சொன்னார்கள்.

நிறுத்தினாள். பிரஷர் இறங்கியது. காதுச் சத்தமும் நின்றது.

மத்தியானங்களில் வீடு ஓவென்று கிடந்தது. ஊசி குத்திக்கொண்டு படுத்திருக்கும்போதும் காதைத் தீட்டிக்கொண்டே கிடந்தாள். ஒன்றுமில்லை. தானே அவரைக் கையைப் பிடித்து வெளியே விட்டுக் கதவைப் பூட்டியதுபோல் அவளுக்கு இருந்தது.

ஒருநாள் சந்தைக்குப் போனவள் வேரோடு வந்தாள். டொக்டருக்கும் சொல்லவில்லை, லினுக்கும் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் அவர் வந்தார். சரக், சரக். அவள் கதிரையை நடுவீட்டில் போட்டுக்கொண்டு இருந்து கேட்டாள். தலை இடித்தது, இடிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

அப்படி இருந்த ஒரு மத்தியானத்தில்தான் சத்தம் மாறியது. இழுவை இல்லை. இரண்டு காலும் தரையில் அடித்துக்கொண்டு ஓடி வருகிற சத்தம். மகளுக்குப் போன் எடுத்தாள்.

"பிள்ளை, வேலையை விட்டிட்டு வா. வீட்டுக்குள்ளை ஆரோ ஓடுறான்."

"ஆரம்மா? கள்ளனோ?"

"கள்ளனில்லை. இவ்வளவு நாளும் உன்ரை அப்பாவெண்டு நினைச்சன். காலிழுக்கிற மனுசன் எங்கை பிள்ளை ஓடுறது?"

அமலினி அம்புலன்சோடு வந்தாள். ஆசுபத்திரியில் பிரஷரைப் பார்த்த இளம் டொக்டர் முகம் இறுகி, என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். செலஸ்ரீனா வேரையும் சொன்னாள், நடந்தவரையும் சொன்னாள். அமலினி அதை இத்தாலியனில் எடுத்துச் சொன்னாள்.

"குடுக்கிற மருந்துக்கு அந்தச் சத்தம் நிண்டுபோமோ எண்டு கேள்."

"நிண்டிடுமாம், அம்மா."

செலஸ்ரீனா இடது காதைக் கையால் பொத்திக்கொண்டாள். "அப்ப மெல்ல இறக்கச் சொல்லு."

"மெல்லத்தான் இறக்குவினமாம். கெதியா இறக்கினாக் கூடாதாம்."

மருந்து துளித் துளியாய் ஏறத் தொடங்கியது. ஓட்டம் நடையானது. நடையில் ஒரு கால் இழுபட்டது. "பொறு, கதையாதை" என்று மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, அவர் போய் முடிகிற மட்டும் செலஸ்ரீனா கேட்டுக்கொண்டே கிடந்தாள்.