மாலையின் இன்னொரு முனை

எங்க மாமாவுக்கு இடது கை முழங்கையோட சரி. மீதி ஆப்பிரிக்கா மணல்ல எங்கியோ கெடக்குது. பிரெஞ்சுக்காரன் பட்டாளத்துல சொல்தாவா, அதான் சிப்பாயா, போய், ஜெர்மன்காரன் குண்டுக்குக் குடுத்துட்டு வந்த கை அது. அம்மாவுக்குக் கூடப் பொறந்தவர் அவர் ஒருத்தர்தான். எனக்கும் எங்க அக்காவுக்கும் தாய்மாமன்னு சொல்லிக்க வேற ஆள் கெடையாது.

எங்க ஊர்ல பிரெஞ்சுக் கொடி இறங்குறதுக்குக் கொஞ்ச மாசம் முன்ன அக்காவுக்குக் கல்யாணம் நடந்துச்சு. பெரிய மார்க்கெட் பக்கத்துல எங்கப்பாவுக்குத் துணிக்கடை. கடைக்கு வர்ற துரைமாருங்க அத்தனை பேரையும் கூப்பிட்டிருந்தாரு. மாமாவ மெடலெல்லாம் குத்திக்கச் சொல்லி பந்தல் வாசல்லயே நிறுத்தி வெச்சாரு. எங்க மச்சான், உங்களுக்காகக் கை குடுத்தவர்னு வர்றவங்ககிட்ட எல்லாம் ஒரே பீத்தல். தாய்மாமன் மாலை போடற நேரம் வந்துச்சு. கனத்த மாலை, ஒத்தக் கைக்கு அடங்கல. அப்பாதான் ஓடியாந்து இன்னொரு முனையப் புடிச்சாரு. துரைங்க கை தட்டினாங்க, அப்பாவுக்கு வாயெல்லாம் பல்லு.

கொஞ்ச வருஷம் கழிச்சு எனக்குக் கல்யாணம். அதுக்குள்ள அப்பா கதருக்கு மாறியிருந்தாரு. மாறட்டும், ஊரே மாறுச்சு, அதுல எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல. மாப்பிள்ள வீட்டுக்காரங்க பிரெஞ்சுக்காரன எதுத்து அடி வாங்கினவங்க. அவங்க முன்னாடி மாமாவ எப்படி நிறுத்தறதுன்னு அப்பாவுக்கு உதறல். அத நேரா சொல்ல வாய் வரல. ஊனமான கையால மாலை போட்டா அபசகுனம்னு ஆரம்பிச்சாரு. வில்லியனூர்லேர்ந்து அம்மாவுக்கு ஒண்ணுவிட்ட தம்பி ஒருத்தர வரவழைச்சு, மாலைய அவர் போடட்டும்னு முடிவும் பண்ணிட்டாரு.

அபசகுனமாம்! அன்னிக்கு வந்த கோவம், இப்ப இதச் சொல்லும்போதும் நெஞ்சு எரியுது. கல்யாணத்தன்னிக்கு மாமாவத் தேடிக்கிட்டு நானே பின்கட்டுக்குப் போனேன். சமையல்காரங்களோட உட்காந்து வாழையிலை தொடைச்சுக்கிட்டிருந்தாரு. மெடல் எல்லாம் சட்டைப் பையில இருந்துச்சு, அப்பா கழட்டச் சொல்லிட்டாராம். நல்ல நாளும் அதுவுமா மல்லுக்கட்டாத கண்ணு, நான் இங்கேர்ந்தே ஆசீர்வாதம் பண்றேன்னாரு. அவர் மேலயும்தான் எனக்குக் கோவம் வந்துச்சு. ஒரு மனுஷன் இவ்ளோ பொறுத்துப் போலாமா?

பந்தல்ல அந்த ஒண்ணுவிட்ட மாமா மாலையத் தூக்கிக்கிட்டு வந்தாரு. நான் தலையக் குனியல. நிமிந்து அப்பாவப் பாத்துக் கேட்டேன்:

"அக்கா கழுத்துக்கு ஆன கை, என் கழுத்துக்கு ஆவாதாப்பா?"

மானத்த வாங்காதன்னு அப்பா பல்லக் கடிச்சாரு. ஐயர் முகூர்த்தம் போவுதுன்னு அவசரப்படுத்தினாரு. மாமா வராம இந்தத் தல குனியாதுன்னு நான் நின்னேன்.

அப்பதான் அம்மா எழுந்துச்சு. அப்பா போட்ட கோட்ட அது வரைக்கும் தாண்டாத பொம்பள. நேரா பின்கட்டுக்குப் போய் தம்பியக் கையப் புடிச்சுக் கூட்டியாந்துச்சு. அவர் சட்டைப் பையில கைய விட்டு மெடல எடுத்து நெஞ்சுல குத்திச்சு. மாலைய வாங்கி, ஒரு முனைய அவர் கையில குடுத்து, இன்னொரு முனையத் தான் புடிச்சுக்கிச்சு.

"போடு தம்பி."

நான் குனிஞ்சேன். எவருக்காக இத்தன கூத்தோ, அந்த மாப்பிள்ள வீட்டுக்காரங்க அவங்க பாட்டுக்குப் பாத்துக்கிட்டிருந்தாங்க.

போட்டோகாரர் கறுப்புத் துணிக்குள்ள தலைய விட்டாரு. எங்கப்பா ஓடிப்போய் கேமராவ மறைச்சாரு. என் மாலையப் புடிக்க ஒரு கை நீளாத மனுஷனுக்கு, அத மறைக்க மட்டும் ரெண்டு கையும் நீண்டுச்சு.