ஊட்டியில் துடைக்காமல் விட்ட கார்

கார் ஓட்டுகிறவர்கள் என்று ஊர் எங்களைச் சொல்லும். உண்மையில் நாங்கள் காரைக் கழுவிப் பிழைக்கிறவர்கள், நடுநடுவே கொஞ்சம் ஓட்டவும் செய்கிறோம். விடியற்காலையில் வாளியும் துணியுமாக முதலாளி வீட்டு வாசலில் குந்தியிருந்து, விரல் மரத்துப்போய், சக்கரத்துக்கடியில் தலையை விட்டுக் குனிந்திருக்கும் என் இனத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் நான் சொல்வதை நம்பினால் போதும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸ் (தொழிற்சாலையை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்) முதலாளியிடம் நான் வெள்ளை அம்பாசடர் ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் காரையும் அதைக் கழுவிய தண்ணீரையும் பற்றியதுதான் இதெல்லாம்.

வேட்டி நுனிப் பரீட்சை

கார்த்திகை மழையில் கரிசல்காட்டுக்குள் கார் கொண்டுபோனவர்களுக்குத் தெரியும், திரும்பி வரும்போது காரோடு ஒரு மரக்கால் விதைப்பாடு நிலமும் சேர்ந்து வரும். இடைசெவல் பக்கம் போய்வந்தால் மட்கார்டுக்கு உள்ளே மண் அடைத்துக்கொண்டு சக்கரம் சுற்றவே யோசிக்கும். அதைக் காயவிட்டால் சிமெண்டு. காய்ந்ததைத் தேய்த்தால் பெயிண்டில் கோடு கோடாக விழும். ஊறவைத்து, பொறுத்திருந்து, மேலிருந்து கீழாகத் தண்ணீரை வழியவிட்டுத்தான் எடுக்க வேண்டும். எல்லாம் முடிந்ததும் முதலாளி வருவார். வேட்டி நுனியைப் பிடித்து பானெட்டில் ஒரு இழுப்பு இழுப்பார். நுனி கறுத்தால் மறுபடியும் வாளி. வெளுப்பாகவே இருந்தால் உள்ளே இருக்கும் சாமி படத்துக்குச் சூடம் காட்டிவிட்டு ஏறுவார். கழுவாத காரில் அவர் ஏறியதை நான் பார்த்ததில்லை.

முதலாளியின் மச்சினர், வீட்டம்மாவின் தம்பி ஆறுமுகம் அண்ணாச்சி முன்பு இதே ஆபீசில் கூட்டாளி. எதற்கோ மனத்தாங்கல் வந்து பிரிந்துபோய், பக்கத்துத் தெருவிலேயே தனியாக ஒரு தீப்பெட்டி ஆபீஸ் போட்டுவிட்டார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. பேச்சு இல்லையே தவிர, முதலாளி காதில் விழும்படி அண்ணாச்சி என்னிடம் பேசுவது உண்டு. ஒரு நாள் நான் மூன்றாம் தடவையாகக் கழுவிக்கொண்டிருந்தபோது மோட்டார் சைக்கிளை நிறுத்தி, ஒரு காலை ஊன்றிக்கொண்டு சாவதானமாகச் சொன்னார்: "சுப்பையா, நீ காரு கழுவுத தண்ணியில எங்க ஆபீசுக்கு ஒரு நாளைக்குப் பெட்டி ஒட்டுத பசையே காய்ச்சிரலாம்லே."

உப்பு

எங்கள் ஊர்த் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். குடிதண்ணீர் வண்டியில் வரும், குடத்தில் அளந்து போகும். காருக்குக் கிடைப்பது கிணற்று உப்புத் தண்ணீர்தான். அதை ஊற்றிவிட்டு அந்தப் பக்கம் திரும்பி ஒரு கொட்டாவி விட்டால் போதும், கார் முழுக்கக் கோலமாவை உதறியதுபோல வெள்ளைப் புள்ளி பூத்துவிடும். அதனால் ஊற்றும் கை ஊற்ற, துடைக்கும் கை துடைக்க வேண்டும். பழைய பருத்தி வேட்டியைக் கிழித்துத் துடைத்துக்கொண்டே இருப்பேன்.

ஆக, என் புத்தியில் ஒன்று ஆழமாகப் பதிந்துபோயிருந்தது. காரைத் துடைப்பது தண்ணீரை எடுக்க இல்லை, உப்பை எடுக்க. தண்ணீரைத்தான் வெயில் எடுத்துக்கொள்ளுமே. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் என் தலையெழுத்தே இதில்தான் மாட்டிக்கொண்டது. அப்போது எனக்கு எங்கே அது தெரிந்தது? முதலாளி வீட்டம்மா வாசலுக்கு வந்து காலியான வாளிகளைப் பார்த்துவிட்டு, தினமும் கேட்பதையே கேட்டார்: "ஏ சுப்பையா, எனக்கு மொகம் கழுவ ஒரு செம்பாவது மிச்சம் வச்சிருக்கியா?"

கை பருமன் குழாய்

தை பிறந்ததும் முதலாளி மகனுக்கு ஊட்டியில் கல்யாணம். பெண் வீட்டார் கயத்தாற்றுக்காரர்கள்தான். ஊட்டியில் உருளைக்கிழங்கு மண்டி வைத்து அங்கேயே நிலைத்துவிட்டார்கள். முதல் நாள் சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம். ஆட்களெல்லாம் பஸ்ஸில் வந்தார்கள். முதலாளி, வீட்டம்மா, மாப்பிள்ளை மூவரும் என் காரில். தாய்மாமன் இல்லாமல் கல்யாணம் நடக்காதே, ஆறுமுகம் அண்ணாச்சியும் வந்திருந்தார். பஸ்ஸில் கடைசி சீட்டில் முறைப்பாக உட்கார்ந்து வந்ததாகக் கேள்வி.

லாட்ஜ் முற்றத்தில் ஒரு குழாய். திறந்தால் கை பருமனுக்குத் தண்ணீர் கொட்டுகிறது. ஒரு வாய் குடித்துப் பார்த்தேன், இளநீர் தோற்றது. வரிசை இல்லை, சண்டை இல்லை, கேட்பாரில்லை. கோவில்பட்டிக்காரனுக்கு இதைவிடப் பெரிய சோதனை உண்டா? பல் கிடுகிடுவென்று ஆடியது, மங்கி குல்லாய்க்குள் காது விறைத்தது, எனக்கு அதெல்லாம் தெரியவேயில்லை. வாளி வாளியாகக் கூரையில் ஊற்றினேன். கதவு இடுக்கில் ஊற்றினேன். சாவித் துவாரத்துக்குக்கூடத் தனியாக ஒரு அபிஷேகம் நடத்தினேன். கார் புதுக் கல்யாணப்பெண் மாதிரி மினுங்கியது. உப்பில்லாத தண்ணீர்தானே, துடைக்காமல் அப்படியே விட்டேன்.

அம்மா வந்து பார்த்தார். லாட்ஜ் அறையில் யார் யார் தங்கிப் போனார்களோ, அங்கே தாலியை வைக்க அவருக்கு மனசு வரவில்லை. கழுவின இடம் இந்தக் கார் ஒன்றுதான், சாமி படமும் இருக்கிறது என்று சொல்லி, வெள்ளிப் பெட்டியோடு தாலியைப் படத்துக்குக் கீழே டேஷ் பாக்சில் வைத்தார். மூன்று கதவை உள்ளிருந்து பூட்டி, நாலாவதைச் சாவி போட்டுப் பூட்டினேன். லாட்ஜ் வாட்ச்மேன், அந்த ஊர்க்காரர், கம்பளிக்குள்ளிருந்து எட்டிப்பார்த்துத் துடைக்கவில்லையா என்று கேட்டார். நல்ல தண்ணீரை எதற்கு அண்ணாச்சி துடைக்க வேண்டும் என்று நான் சிரித்தேன். அவர் என்னை ஒரு தரம் பார்த்தார், காரை ஒரு தரம் பார்த்தார்: "சரிங்க, காலையில பாப்போம்."

வெள்ளைக் கார் மேல் வெள்ளை

காலையில் வெளியே வந்தால் புல் வெள்ளை, ஓடு வெள்ளை, காரும் கூடுதல் வெள்ளை. முதலில் உப்புதான் பூத்துவிட்டது என்று நினைத்துத் துணியை எடுத்துக்கொண்டு ஓடினேன். கை வைத்தால் வழுக்குகிறது. நான் ஊற்றிய தண்ணீர் ஒரு சொட்டு விடாமல் காருக்குக் கண்ணாடிச் சட்டை போட்டதுபோல உறைந்து நிற்கிறது. சாவி துவாரத்துக்குள் நுழையவே மாட்டேன் என்றது. கைப்பிடி அசையவில்லை. அதற்குள் அம்மா பட்டுப்புடவையோடு வந்து தாலியை எடுக்கச் சொன்னார். மண்டபத்தில் மேளம் ஆரம்பித்துவிட்டது, முகூர்த்தம் நெருங்குகிறது, தாலி காருக்குள் சாமியோடு சுகமாக இருக்கிறது. வேலை போவது கிடக்கட்டும், ஒரு கல்யாணத்தையே நான் வாளியால் நிறுத்திவிட்டேனே என்றிருந்தது.

மாப்பிள்ளைத் தோழன் பஸ்ஸிலிருந்த ஜாக்கிக் கம்பியைத் தூக்கிவந்தான். கல்யாணத்தன்று கண்ணாடி உடைவதாவது என்று அம்மா அவனைப் பார்த்த பார்வையில் கம்பி தானாகக் கீழே இறங்கியது. நான் சமையற்கட்டுக்கு ஓடி ஒரு அண்டா கொதிக்கிற தண்ணீரைத் தூக்கிவந்து ஊற்றப்போனேன். வாட்ச்மேன் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தச் சூட்டுக்கு முன்கண்ணாடி விரிசல் விட்டுவிடும், மிச்சத் தண்ணீரும் உறைந்து வேலை இரட்டிப்பாகும், சாவியை மட்டும் சூடுகாட்டி நுழைத்தால் போதும் என்றார். சாவியை அடுப்பில் காட்டி ஓடிவந்தேன். சமையற்கட்டு முற்றத்தின் மறுகோடியில். வந்து சேர்வதற்குள் சாவி ஜில்லிட்டுவிட்டது. காரின் பக்கத்திலேயே நெருப்பு வேண்டும். அடுப்பிலிருந்து ஒரு கொள்ளிக்கட்டை கொண்டுவருகிறேன் என்று திரும்பினேன். முதலாளிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது: "ஏலே, தீப்பெட்டி ஆபீஸ் வச்சிருக்கவன் கல்யாணத்துல அடுத்தவன் அடுப்புல போய் நெருப்பு எடுப்பியா? எடுத்துட்டு வாலே நம்ம பண்டலை."

பூசணிக்காய் மார்க்

எங்கள் பெட்டிக்குப் பூசணிக்காய் மார்க். சம்பந்தி வீட்டாருக்குக் கொடுப்பதற்காக ஒரு பண்டல் கொண்டுவந்து லாட்ஜ் வராந்தாவில் வைத்திருந்தோம். சாக்குப் பிரித்து முதல் பெட்டியை முதலாளியே எடுத்தார். அதே நேரம் பெண்ணின் அப்பா எங்களை அழைத்துப்போக மாலையோடு வந்து நின்றார். சம்பந்தி பார்க்கட்டும் என்று முதலாளி நெஞ்சை நிமிர்த்திக் குச்சியை உரசினார். மருந்து பிசினாக வழித்துக்கொண்டு வந்தது. அடுத்த குச்சியின் தலை கழன்று விழுந்தது. அடுத்த பெட்டியில் உரசுகிற பக்கமே தாளோடு உரிந்தது. இரவெல்லாம் வராந்தாவில் பனி குடித்த பண்டல், பாவம் அது என்ன செய்யும். நான் உரசினேன், மாப்பிள்ளை உரசினார், மாலையைத் தோளில் போட்டுக்கொண்டு பெண்ணின் அப்பாவும் உரசினார். எங்களைச் சுற்றிப் பூசணிக்காய் படமாக இறைந்துகிடந்தது. முதலாளி முகம் சுருங்கிப்போனதைப் பார்க்க எனக்கே பொறுக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் 'சர்' என்று ஒரு சத்தம். எல்லாரும் திரும்பினோம். லாட்ஜ் தூணோரம் ஆறுமுகம் அண்ணாச்சி நின்று பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். பெட்டியை வேட்டி மடியில் செருகிப் படுத்த மனுஷன். அவர் உடம்புச் சூட்டில் அது காய்ந்து கணகணவென்று இருந்திருக்கிறது. அம்மா தம்பியைப் பார்க்கவில்லை, புருஷனையும் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி காரைப் பார்த்தார், சம்பந்தியைப் பார்த்தார். பிறகு மெல்ல நடந்துபோய், "மாப்ள, பெட்டி இருக்கா?" என்று கேட்டார். அத்தனை நாளைக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான். அண்ணாச்சி பீடியைக் கீழே போட்டு மிதித்தார். மடியிலிருந்து பெட்டியை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார்: "இதைக் கேக்கதுக்கு இம்புட்டு நாளா அத்தான்?"

இழுக்காதே, தள்ளு

குச்சி முதல் உரசலிலேயே பிடித்தது. காற்று அணைத்துவிடாமல் பெண்கள் சால்வையை விரித்து வட்டம் கட்டி நின்றார்கள். அண்ணாச்சி உரச, முதலாளி கையைக் குவித்துக் காக்க, நான் சாவியைக் காட்ட, குச்சிமேல் குச்சியாக எரிந்தது. விரல் சுட்டதுகூட உறைக்கவில்லை. சாவி உள்ளே போனது, மறுபடி சூடு, மறுபடி நுழைப்பு, 'டக்'கென்று திரும்பியது. எல்லாரும் ஆவென்று கத்தினார்கள். கதவு மட்டும் வரவில்லை. ரப்பர் ஓரமெல்லாம் ஐஸ். நான் காலை உதைத்துக்கொண்டு இழுக்க, வாட்ச்மேன் மறுபடி ஓடிவந்தார். இழுத்தால் ரப்பர் பிய்ந்துவிடும், முதலில் உள்பக்கமாக அழுத்தி ஐஸை உடையுங்கள் என்றார். முதலாளி ஒரு பக்கம், அண்ணாச்சி ஒரு பக்கம், இருவரும் பட்டுச்சட்டையோடு கதவில் தோளைக் கொடுத்து ஒரு தள்ளு தள்ளினார்கள். அப்பளம் நொறுங்குவது போலச் சத்தம் கேட்டது. அப்புறம் கதவு சாதுவாகத் திறந்துகொண்டது.

தாலி வைத்த இடத்தில் இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் அழுதேன். அம்மா பெட்டியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். புருஷனிடம் கொடுப்பார் என்று நினைத்தோம். நேரே தம்பியிடம் போய் அவர் கையில் வைத்தார்: "மாமன்காரன் நீயே கொண்டுவாடா. இனிமே இதை நான் எந்தக் காரையும் நம்பி வைக்க மாட்டேன்."

திரும்பி வரும்போது

தாலி நேரத்துக்கு ஏறியது. பெண்ணை அழைத்துக்கொண்டு மறுநாள் மத்தியானம் கிளம்ப வேண்டும், கார் கழுவாமல் முதலாளி ஏறமாட்டார். இந்தத் தடவை வாட்ச்மேன் சொன்னபடி செய்தேன். உச்சிப்பொழுதில் வெயில் விழுகிற இடத்தில் நிறுத்தி, கை பொறுக்கிற வெதுவெதுப்பில் தண்ணீர் எடுத்து, ஒவ்வொரு பக்கமாகக் கழுவிக் கழுவி உடனே துடைத்தேன். கதவுகளைத் திறந்து ஓரத்து ரப்பரையெல்லாம் உலரத் துடைத்து நல்லெண்ணெய் தடவினேன். அம்மாவின் தேங்காயெண்ணெயைத்தான் முதலில் கேட்டேன், அது பாட்டிலுக்குள் கல்லாகக் கிடந்தது. சாவித் துவாரத்துக்கு அபிஷேகம் கிடையாது, மேலே ஒரு துணிதான். கடைசியில் முதலாளி வந்து வேட்டி நுனியைப் பிடித்தார். பானெட்டில் இழுக்கவில்லை. குனிந்து, கதவு இடுக்கில் விட்டுப் பார்த்தார்.

நுனி காய்ந்தே வந்தது. அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பெண்ணும் மாப்பிள்ளையும் அம்மாவும் பின்னால் ஏறிக்கொண்டார்கள். முதலாளி முன்சீட்டில் பாதி உட்கார்ந்து, பாதியை விட்டுவிட்டு, பஸ்ஸைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்த மச்சினரைக் கூப்பிட்டார்: "மாப்ள, அங்கன கடைசி சீட்டுல போய் ஏன் குலுங்குதீரு, இங்கன வாரும், நெருக்கி உக்காந்துக்கிடுவோம்."

அன்றிலிருந்து, ரோட்டில் தார் உருகுகிற எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில்கூட நான் கதவு ரப்பரைத் துடைத்து நல்லெண்ணெய் தடவிவிட்டு மடியில் ஒரு தீப்பெட்டியோடுதான் வண்டியை எடுக்கிறேன், அது யார் ஆபீஸ் பெட்டி என்று மட்டும் முதலாளி கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.