ஆறே முக்கால் மிஸ்டு கால்

பீன்யாவில் வேலை முடிந்து பஸ் ஏறி உட்கார்ந்ததும் நான் செய்கிற முதல் வேலை, போனில் புளூடூத்தைப் போட்டுத் தேடுவது. சுற்றிலும் யாருடைய போன் திறந்து கிடக்கிறதோ, அதன் பெயர் திரையில் வந்து நிற்கும். 'கிங்', 'டேஞ்சர்', 'தொடாதே' என்று ஆளாளுக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். நெரிசலில் தொங்கிக்கொண்டு வருகிற முகங்களைப் பார்த்து, இதில் யார் கிங், யார் டேஞ்சர் என்று கண்டுபிடிக்கப் பார்ப்பேன். யாருக்கும் எதையும் அனுப்பியதில்லை. சிவாஜிநகரில் இறங்கி லிங்கராஜபுரத்துக்கு அடுத்த பஸ் பிடிக்கும்வரை அந்தப் பட்டியல்தான் எனக்குத் துணை.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் நடந்தது இது. தங்கவயலில் சுரங்கத்தை மூடியபின், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளிலிருந்து என் வயதுக்காரர்களில் பாதிப்பேர் பெங்களூருக்கு வேலைக்கு வந்துவிட்டோம். மற்றவர்கள் காலை ரயிலில் வந்து மாலை ரயிலில் திரும்பினார்கள். நான் மட்டும் பெரிய மனுஷனைப் போல லிங்கராஜபுரத்தில் ஒரு அறை எடுத்துத் தங்கினேன். அவர்கள் சீட்டாடிக்கொண்டும் சண்டை போட்டுக்கொண்டும் ஊர் போய்ச் சேர்வதை நினைத்து எத்தனையோ நாள் வயிறெரிந்திருக்கிறேன். ஆனாலும் அறையைக் காலி செய்யவில்லை. ஒன்று சொல்லிவிட்டால் அதிலிருந்து இறங்கி வருகிற வழக்கம் எனக்குக் கிடையாது.

வேலை, ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன். கடைந்து வருகிற இரும்புச் சாமான்களை கேஜ் என்கிற அளவுக் கருவியில் நுழைத்துப் பார்த்து, தேறும், தேறாது என்று இரண்டு பெட்டியில் பிரித்துப் போடவேண்டும். அதே புத்தியைப் போனுக்கும் கொண்டுவந்துவிட்டேன். நெட்டில் ஒரு ஃபோரம் இருந்தது. என்னைப் போன்ற போன் பைத்தியங்கள் எந்தெந்த நாட்டிலிருந்தோ அதில் கூடுவார்கள். புதிதாக வருகிற சாஃப்ட்வேரைப் போனில் ஏற்றிப் பார்த்து, எது உருப்படி, எது குப்பை என்று எழுதுவோம். மற்றவர்கள் பத்து நிமிடம் நோண்டிவிட்டுத் தீர்ப்பு சொல்லிவிடுவார்கள். நான் மூன்று வாரம் வைத்திருந்து பார்க்காமல் ஒரு வரி எழுதமாட்டேன். அதற்கென்று இருநூறு பக்க நோட்டு ஒன்று வைத்திருந்தேன். ஃபோரத்தில் எனக்கு நல்ல மரியாதை இருந்தது. என் முகமும் சொந்தப் பெயரும்தான் அங்கே ஒருவருக்கும் தெரியாது.

ஒருமுறை பொய்யாக ஒரு போன் கால் வரவழைக்கிற சாஃப்ட்வேர் ஒன்று வந்தது. நாம் சொன்ன நேரத்துக்குப் போன் தானாக அடிக்கும். பிடிக்காத கூட்டத்திலிருந்து நழுவுவதற்காகச் செய்தது. நான் அதை கேன்டீனில் சாப்பாட்டு நேரத்துக்கு வைத்து, அடித்ததும் எடுத்து, "ஆமா, சொல்லு, இப்பதான் சாப்பிட ஒக்காந்தேன்" என்று பேசிப் பார்த்தேன். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் நான் பேசி முடிக்கட்டும் என்று குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். நோட்டில் 'நன்றாக வேலை செய்கிறது' என்று குறித்தேன். மறுநாளும் சோதித்தேன், அதற்கு மறுநாளும். சோதனைக்குத் தேவையான அளவு எப்போதோ முடிந்துவிட்டது என்பது எனக்குத் தெரியும்.

உண்மையாக எனக்கு வருகிற கால் ஒன்றே ஒன்றுதான். அதுவும் கால் இல்லை, மிஸ்டு கால். தங்கவயலில் என் அப்பா, நைனா, தனியாக இருந்தார். அம்மா போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. நான் புதுப் போன் வாங்கும்போதெல்லாம் பழையது அவருக்குப் போகும். தினமும் மாலை டீக்கடையிலிருந்து வீடு திரும்பியதும் ஆறே முக்காலுக்கு ஒரே ஒரு ரிங் விட்டுக் கட் செய்வார். நான் நல்லாயிருக்கிறேன், நீ ரூமுக்குப் போனதும் கூப்பிடு என்று அதற்கு அர்த்தம். நான் எடுக்கக்கூடாது. எடுத்தால் அவருக்குக் காசு போய்விடும். பஸ்ஸில் சட்டைப் பையில் அந்த ஒரு ரிங் அடித்து ஓய்ந்ததும், அன்றைக்கு என்னை யாரோ தேடினார்கள் என்று ஒரு நிம்மதி வரும்.

அந்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்ணாடி மாற்ற நைனா பெங்களூருக்கு வந்திருந்தார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு என் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார். ஃபோரத்தில் அந்த வாரம் எல்லோரும் பேசியது, வருகிற போன் கால்களைத் தடுக்கிற புது சாஃப்ட்வேர் பற்றி. வேண்டாத எண்ணைப் பட்டியலில் போட்டுவிட்டால் போதும். கூப்பிடுகிறவருக்கு எங்கேஜ் டோன் கேட்கும். நமக்கு ரிங்கும் வராது, மிஸ்டு கால் என்றும் காட்டாது. இதைச் சோதிக்க இரண்டாவது போன் ஒன்று வேண்டும். அதற்காக நான் போய்க் கேட்கக்கூடிய ஆள் அந்த ஊரில் ஒருவரும் இல்லை. நைனாவின் போன் தலையணைக்குப் பக்கத்தில் கிடந்தது. அவர் எண்ணைப் பட்டியலில் போட்டுவிட்டு, அவர் போனிலிருந்து என் போனுக்கு அடித்தேன். சுத்தமாக எங்கேஜ். என் போன் அசையக்கூட இல்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நோட்டை எடுத்துத் தேதி போட்டேன். அப்போது நைனா விழித்துக்கொண்டார்.

அவர் எழுந்து முகம் கழுவிவிட்டு வந்ததும், பல நாளாக மனதில் இருந்ததைச் சொன்னேன். "இங்கியே இருந்துடு நைனா. அங்க தனியா இன்னா பண்ணப்போற?"

"இங்க மட்டும் இன்னா வாழுது? நீ காலைல போனா ராத்திரி வர. நான் செவத்தப் பாத்துக்கினு ஒக்காந்திருக்கணும். அங்க டீக்கடைக்குப் போனா நாலு பேர் கீறான்."

"நான் இருக்கேன் இல்ல?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னார். "எனக்கு இன்னாடா. உனக்குத்தான் பேச ஒரு ஆள் இல்ல. காலைலேருந்து பாக்கறேன், அந்தப் போனு ஒரு தபா அடிச்சிதா?"

சுருக்கென்று தைத்தது. உண்மை என்பதால்தான் அவ்வளவு கோபம் வந்தது என்பது இப்போது புரிகிறது. "எனக்கு ஆயிரம் பேர் கீறாங்க. சொன்னா உனக்குப் புரியாது" என்றேன். "இருந்தா சரி" என்றார். கண்டோன்மென்ட் ஸ்டேஷன்வரை பஸ்ஸில் தனித்தனி சீட்டில் உட்கார்ந்து போனோம். ரயில் வந்து நின்றபோது, "இனிமே நானா கூப்புட மாட்டேன். வேணும்னா நீ ரிங் வுடு, அப்பப் பாக்கலாம்" என்று வீறாப்பாகச் சொன்னேன். அவர் புதுக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஏறிப் போனார்.

மறுநாள் ஆறே முக்காலுக்குச் சட்டைப் பை அடிக்கவில்லை. கோபம், நாளைக்குச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். நாளைக்கும் அடிக்கவில்லை. ஒரு வாரம் போனது. போனில்தான் கோளாறோ என்று சந்தேகப்பட்டேன். ஆனால் லோன் வேண்டுமா என்று கேட்டு ஒரு பெண் கன்னடத்தில் கூப்பிட்டாள். வேண்டாம் என்று ஒரு வார்த்தையில் முடிக்காமல் வட்டி என்ன, எத்தனை வருஷம் என்று விசாரித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவளே வைத்துவிட்டாள். போன் நன்றாகத்தான் இருந்தது. அப்படியென்றால் நைனாவுக்கு நான் வேண்டாம் என்று அர்த்தம்.

எங்கள் ஊரிலிருந்து ரயிலில் வந்துபோகிறவர் ஒருவர் என்னோடு வேலை செய்தார். அவரிடம் சும்மா கேட்பதுபோல நைனாவைப் பற்றிக் கேட்டேன்.

"உங்க நைனாவா? ஜம்முனு கீறாரு. நேத்து டீக்கடைல பாத்தேன். செம குஷியா இருந்தாரு" என்றார்.

உடம்புக்கு ஒன்றுமில்லை என்று ஆறுதலாக இருந்திருக்கவேண்டும். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. நான் இங்கே ஆறரை மணிக்கே போனைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு பார்த்திருக்க, அவருக்கு அங்கே குஷி. இரண்டு மூன்று முறை அவர் எண்ணை அழுத்திவிட்டு, ரிங் போகுமுன்பே கட் செய்தேன். நானாகக் கூப்பிடமாட்டேன் என்று சொன்னவன் அல்லவா. பஸ்ஸில் புளூடூத்தைத் தேடுவதைக்கூட அந்த நாட்களில் நிறுத்திவிட்டேன். கிங்கும் டேஞ்சரும் யாராக இருந்தால் எனக்கென்ன என்று தோன்றியது.

மூன்றாவது வாரம் முடிந்த சனிக்கிழமை அரை நாள் வேலை. தடுப்பு சாஃப்ட்வேர் பற்றி ஃபோரத்தில் எழுதவேண்டிய கெடு வந்துவிட்டது. சிவாஜிநகரில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன். 'மூன்று வாரத்தில் ஒரு சிக்கலும் இல்லை. அது இருப்பதே தெரியவில்லை' என்று ஆங்கிலத்தில் எழுதினேன். கூடப் போடுவதற்கு ஒரு படம் வேண்டும். போனில் அந்த சாஃப்ட்வேருக்குள் போய், தடுத்த கால்களின் பதிவு என்று இருந்த பக்கத்தைத் திறந்தேன்.

முழுக்க ஒரே எண்தான். நைனாவின் எண்.

ஆறு நாற்பத்தைந்து. ஆறு நாற்பத்தாறு. ஆறு நாற்பத்து நான்கு. கீழே கீழே தள்ளிக்கொண்டு போனேன். ஒரு நாள்கூட விடுபடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு முறை, மூன்று முறை இருந்தது. அவர் ரயில் ஏறிப்போன அன்றே, வீடு போய்ச் சேர்ந்ததும் ஒருமுறை அடித்திருந்தார்.

தொழிற்சாலையில் கேஜ் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு மாதிரித் துண்டு வைத்திருப்போம். பார்த்து முடித்ததும் அதை எடுத்துத் தனியாக வைத்துவிடவேண்டும், மற்ற சாமானோடு கலந்துவிடக்கூடாது. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே நான் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். அந்த நான், என் நைனாவை மாதிரித் துண்டாக வைத்துச் சோதித்துவிட்டு, எடுக்க மறந்துபோயிருந்தேன். எனக்கு அவமானமாக இருந்தது. அடுத்த கம்ப்யூட்டரில் இருந்தவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. எழுதியதை அனுப்பாமலே எழுந்து, மார்க்கெட் இரைச்சலில் ஒரு துணிக்கடை ஓரமாக நின்று அவரைக் கூப்பிட்டேன்.

"இன்னாடா, வேலை முடிஞ்சிதா?" என்றார். குரலில் கோபத்தின் சுவடே இல்லை.

"நைனா, நீ தினம் போன் போட்டியா எனக்கு?"

"போட்டேன். எப்பப் போட்டாலும் எங்கேஜு. சரி, புள்ள யார்கிட்டயோ பேசிக்கினு கீறான்னு வெச்சிடுவேன்."

"அப்புறம் எதுக்கு மறுபடி மறுபடி போட்ட?"

"பேசறதுக்கு இல்லடா. பேசிக்கினு கீறியான்னு பாக்கத்தான்." அவர் சிரித்தார். "அன்னிக்கி உன்ன அப்பிடிச் சொல்லிட்டு வந்துட்டேனே, மனசே கேக்கல. அப்புறம் பாத்தா லைனே கெடைக்கல. டீக்கடைல கூடச் சொன்னேன், எம் பையன் போனு எந்நேரமும் பிசின்னு. யாரு, பொண்ணா?"

"ஃப்ரெண்ட்ஸ் நைனா" என்றேன். "இருக்கட்டும், இருக்கட்டும்" என்று அவரே வைத்துவிட்டார்.

அறைக்கு வந்து தடுப்புப் பட்டியலைத் திறந்தேன். அவர் எண்ணின்மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அழித்தால், நாளைக்கு அவருக்கு ரிங் போகும். என் போன் சும்மா கிடக்கிறது என்று தெரிந்துவிடும். அழிக்காமல் விட்டால் அவர் அந்த எங்கேஜ் டோனைக் கேட்டுக் கேட்டுச் சந்தோஷமாக இருப்பார். அப்படி விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் அந்த ஒரு ரிங் இல்லாமல் இன்னொரு வாரத்தை ஓட்ட என்னால் முடியாது. அவருக்காக இல்லை, எனக்காகத்தான் அழித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவரிடமிருந்து ரிங் வரவில்லை. இனித் தொந்தரவு செய்யவேண்டாம் என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது என்று பயந்தேன். திங்கட்கிழமை ஆறே முக்காலுக்கு பஸ்ஸில் சட்டைப் பை அடித்தது. எடுக்கக்கூடாது என்பது எங்கள் வழக்கம். முதல் ரிங் முடியுமுன் எடுத்துவிட்டேன்.

"ஏன்டா எடுத்த? காசு போவுது" என்று பதறினார். பிறகு மெதுவாகக் கேட்டார். "இன்னிக்கி யாரும் பேசலியா?"

பஸ் முழுக்க ஆட்கள். என் முழங்கை ஒருவர் விலாவில் இடித்துக்கொண்டிருந்தது. இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு அது கைவந்த வேலைதான். சொல்ல வரவில்லை.

"யாரும் இல்ல நைனா. அப்பவும் யாரும் இல்ல. போன்ல நான் ஒண்ணு போட்டு வெச்சிருந்தேன், அதான் எங்கேஜுனு வந்துச்சி."

அவர் வீட்டு ரேடியோ மட்டும் பின்னால் கேட்டது. கட் செய்துவிட்டாரா என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

"சரி, வெக்காத" என்றார். "நான் பேசறேன்."

பேச அவரிடமும் பெரிதாக எதுவும் இல்லை. குழாயில் நான்கு நாளாகத் தண்ணீர் வராததைச் சொன்னார். புதுக் கண்ணாடியில் படி எது, தரை எது என்று தடுமாறுவதைச் சொன்னார். பக்கத்து லைனில் யாரோ வீட்டுக்குப் பச்சை பெயின்ட் அடித்ததைச் சொன்னார். சிவாஜிநகர் வந்து எல்லோரும் இறங்கிப் போனபின்னும் நான் சீட்டிலேயே உட்கார்ந்து உம் கொட்டிக்கொண்டிருந்தேன்.