அத்தையின் வலது காது

பொத்தானை அழுத்தியதும் ‘டொக்’ என்று ஒரு சத்தம் வரும். அதன் பின்னால், சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தது மாதிரி ஒரு ‘உஸ்ஸ்’ ஐந்தாறு நொடிக்கு இழுக்கும். அந்த உஸ்ஸுக்குள்ளிருந்து ஒரு வெள்ளைக்காரி மூக்கால் பேசிக்கொண்டு வெளியே வந்து ‘லெசன் ஃபோர்’ என்பாள். ஏழாம் வகுப்பில் வெள்ளிக்கிழமை தோறும் கடைசி பீரியடில் நாங்கள் அவளைக் கேட்டாக வேண்டும். அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் ‘கேசட்டுக்காரி’. ரயில் நிலையத்துக்கு வழி கேட்பாள், குடையைக் காணோம் என்பாள், காப்பிக்குச் சர்க்கரை வேண்டாம் என்பாள், ஒன்றுமே நம் ஊர் மனுஷர் பேசுகிற வேகத்தில் இருக்காது. அவளை எனக்கு அன்றும் பிடிக்காது, இன்றும் பிடிக்காது.

இப்போது நான் பிழைப்பதே ஆங்கிலத்தைக் காதால் கேட்டுத்தான். சென்னையில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து, அமெரிக்க டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிந்து அனுப்புவதைக் கேட்டு எழுத்தாக அடிக்கிற வேலை. அதனால் எங்கள் ஊரான செவிலிமேட்டில் தெருப் பெற்றோர்கள் பஸ் நிறுத்தத்தில் என்னை மடக்கி, ‘ஜெனி, எம் பையனுக்கு இங்கிலீஷ் படிச்சா புரியுது, பேசினா புரியலன்றான், இன்னா பண்லாம்?’ என்று கேட்கிறார்கள். படம் பார், பாட்டுக் கேள், காதில் எந்நேரமும் எதையாவது மாட்டிக்கொண்டு திரி என்று ஊரில் எல்லாரும் சொல்லும் அறிவுரையை நானும் சொல்வேன் என்று எதிர்பார்க்கிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அந்நிய மொழியைக் கேட்பது எப்படி என்று நான் கற்றுக்கொண்டதற்கு ஒரு காது போயிற்று. அது என்னுடைய காதும் இல்லை, என் அத்தையுடைய வலது காது.

முதலில் எங்கள் மிஸ்ஸைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சரோஜினி மிஸ் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அவரை மன்னிக்கவும் மாட்டேன். டேப்பை ஒரே தடவைதான் ஓட விடுவார். ‘காது இருக்கறவங்க கேட்டுக்கங்க, புரியாதவங்க எழுந்து நில்லுங்க’ என்பார். எழுந்து நின்றவர்கள் மணியடிக்கும் வரை நின்றுகொண்டே இருக்க வேண்டும் என்பதால் நாற்பது பேரில் யாருக்குத்தான் புரியாமல் இருக்கும்? எல்லாருக்கும் புரிந்தது. லெசன் நான்கில் கேசட்டுக்காரி எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த வாக்கியமே ‘குட் யூ ரிப்பீட் தட், ப்ளீஸ்?’ என்பதுதான். இன்னொரு தரம் சொல்கிறீர்களா என்று மரியாதையாகக் கேட்பது எப்படி என்ற பாடம் அது. அதை இருபது தடவை நோட்டில் எழுதினோம், கோரஸாக ஒப்பித்தோம், ஆனால் அந்த வகுப்பில் அந்தக் கேள்வியைக் கேட்டவர்களுக்கு நிற்கிற தண்டனை.

நான் ஒரு நாளும் நின்றதில்லை. தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரி. மெதுவாக இரண்டு ஆட்டு ஆட்டினால் யோசித்துப் புரிந்துகொண்டவள் என்று அர்த்தம், சட்டென்று ஒரே ஆட்டு என்றால் முன்பே தெரியும் என்று அர்த்தம். மிஸ் சரியான விடை வரும் இடத்தில் தன்னையறியாமல் புருவத்தைத் தூக்குவார். நான் டேப்பைக் கேட்டதே இல்லை, அந்தப் புருவத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். பத்துக்கு ஒன்பது மதிப்பெண் வாங்கியதெல்லாம் கண்ணால் வாங்கியது.

வாராவாரம் நின்றவள் ஒருத்தி உண்டு, புவனா. பிள்ளையார்பாளையத்தில் அவர்கள் வீட்டில் மூன்று தறி ஓடிக்கொண்டே இருக்கும். அங்கே போனால் யார் எது சொன்னாலும் பதிலுக்கு ‘இன்னா?’ என்ற சத்தம்தான் முதலில் வரும். அவள் அப்பா கேட்பார், அம்மா கேட்பார், அவளும் கேட்பாள், தறிச் சத்தத்தில் ஒரே சேதி மூன்று தரம் சொல்லப்பட்டுத்தான் போய்ச் சேரும், யாரும் அதற்காக வெட்கப்பட்டதில்லை. அதே பழக்கத்தில் வகுப்பிலும் எழுந்து ‘இன்னா மிஸ்?’ என்பாள். இவளுக்கு மானம் ரோஷமே கிடையாதா என்று நினைத்து நான் அவள் பக்கத்தில் உட்காரவே கூச்சப்பட்டேன்.

எங்கள் வீட்டு வழக்கமோ வேறு. ‘ஒரு தரம் சொன்னா புடிச்சிக்கணும். திருப்பிக் கேட்டா நம்மள எளப்பமா பாப்பாங்க’ என்பது அப்பா தினமும் சொல்வது. அவருக்கு அதைச் சொன்னவர் அவருடைய அப்பா. பாலாற்றுக்கு அந்தப் பக்கம் பிறத்தியார் நிலத்தில் வேலை செய்த குடும்பம் எங்களுடையது. வரப்பில் நின்று நிலக்காரர் ஏதோ சொல்வார், காற்றில் பாதி போய்விடும், ‘என்னங்கய்யா?’ என்று கேட்டால் ‘காதுல ஈயமா ஊத்தி வெச்சிக்கினு இருக்கே?’ என்று தொடங்கி அம்மா வரைக்கும் வசவு போகும். அதனால் முதலில் தலையை ஆட்டிவிடுவது, பிறகு என்ன சொன்னார் என்று தங்களுக்குள் பேசிக் கண்டுபிடிப்பது. நிலம் போய், நிலக்காரர் போய், நாங்கள் ஞானஸ்நானம் பெற்று, அப்பா வீடுகளுக்கு ஒயரிங் செய்யும் எலெக்ட்ரீஷியன் ஆன பிறகும் அந்தத் தலையாட்டு போகவில்லை. சுவிட்ச் போர்டு எங்கே வேண்டும் என்று வீட்டுக்காரர் சொன்னது புரியாவிட்டால் சுவரை இரண்டு முறை உடைத்து மாற்றுவாரே தவிர, ஒரு முறை திருப்பிக் கேட்க மாட்டார்.

அப்பாவின் அக்கா எஸ்தர் அத்தை எங்களோடுதான் இருந்தது. காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடையில் வேலை. மெத்தையில் உட்கார்ந்து வியாபாரம் பேசும் சேல்ஸ்மேன், வாடிக்கையாளர் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், ‘அரக்குல மயில்கழுத்து பார்டர்’ என்று பின்பக்கம் குரல் விடுவார். அத்தை அலமாரியிலிருந்து அந்தப் புடவையை உருவிக் கொண்டுபோய்க் கொடுக்கும். பத்து சேல்ஸ்மேன் ஒரே நேரத்தில் கத்தினாலும் எந்தக் குரல் எந்த நிறத்தைக் கேட்டது என்று அதற்குத் தப்பாது. அந்தக் கடையிலேயே நல்ல காது அத்தையுடையதுதான், அதைப் பற்றி அதற்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்த வருஷம் வலது காதில் வலி வந்து சீழ் வடிய ஆரம்பித்தது. அத்தைக்குத் தெரிந்த ஒரே வைத்தியம், நல்லெண்ணெயில் பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சிக் காதில் விடுவது. ‘எண்ண ஊத்தாதீங்கண்ணி, காது அவிஞ்சி பூடும்’ என்று அம்மா தடுத்துக்கொண்டே இருந்தாள். அந்தச் சமயத்தில்தான் எங்கள் சபை வளாகத்தில் காது, மூக்கு, தொண்டை முகாம் போட்டார்கள், அமெரிக்காவிலிருந்து ஒரு டாக்டர் வந்தார். வரிசை பெரிதாகிவிட்டது, மொழிபெயர்க்க ஆள் போதவில்லை. பாஸ்டர் ஐயா சுற்றுமுற்றும் பார்க்க, அப்பா என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளி, ‘எம் பொண்ணு இங்கிலீஷ் மீடியம்ங்கய்யா, அவ பேசுவா’ என்றார். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை வைத்தியத்துக்கு நடுவில் நிறுத்துகிறோமே என்று அங்கிருந்த பெரியவர்களில் ஒருவருக்காவது தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை.

நான்கைந்து பேருக்குச் சமாளித்துவிட்டேன். வலி எத்தனை நாளாக, காய்ச்சல் உண்டா, மாத்திரை காலை மாலை, அவ்வளவுதான். அத்தை முறை வந்தது. டாக்டர் விளக்கை வைத்துக் காதுக்குள் பார்த்தார், செவிப்பறையில் ஓட்டை என்று எனக்குப் படம் போட்டுக் காட்டினார், சொட்டு மருந்துக்குச் சீட்டு எழுதக் குனிந்தார். முகத்தில் பாதியை முகமூடி மறைத்திருந்தது, மீதிப் பாதி சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்படிக் குனிந்தபடியே சொன்னார்: ‘ஷி கேன் புட் ஆயில் இன் தட் இயர்.’

எனக்கு அப்படித்தான் கேட்டது. அத்தனை நேரத்தில் முழுசாகக் காதில் விழுந்த முதல் வாக்கியம் அது, எல்லாம் மூன்றாம் வகுப்புச் சொற்கள். ஆனாலும் உள்ளே ஏதோ இடறியது. ஓட்டை இருக்கிற காதில் எண்ணெயா, அதுவும் மருந்து எழுதிக்கொண்டே சொல்கிறாரே என்று தோன்றியது. பார்க்கப் புருவம் இல்லை. ‘குட் யூ ரிப்பீட் தட், ப்ளீஸ்?’ தொண்டை வரைக்கும் வந்தது, சத்தியமாக வந்தது. அப்பா கைகட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் நிமிர்ந்து ‘ஓகே?’ என்றார். நான் சட்டென்று ஒரே ஆட்டு ஆட்டினேன்.

‘காதுல எண்ண வுடலாமாம் அத்த’ என்றேன். அத்தைக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், ‘பாத்தியா, வெள்ளக்காரனே சொல்லிட்டான்’ என்றது. சொட்டு மருந்து ஒரு பக்கம் கிடக்க, காலையும் மாலையும் பூண்டெண்ணெய் ஓடியது.

மூன்றாம் வாரம் காய்ச்சல், காதுக்குப் பின்னால் வீக்கம், பிறகு ஆஸ்பத்திரி, அறுவை சிகிச்சை. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, வலது காது மட்டும் கேட்காமல் போயிற்று. ‘ஓட்டை இருக்கற காதுல எண்ணெய் ஊத்தச் சொன்னது யாரு?’ என்று அங்கிருந்த டாக்டர் அதட்டினார். ‘வெள்ளக்கார டாக்டருதாம்பா சொன்னாரு. தோ, எங்க ஜெனிகிட்டதான் சொன்னாரு’ என்றது அத்தை. அவர் என்னைப் பார்த்தார். அங்கேயும் தலையாட்டினேன்.

அப்புறம் தெருவே அந்த டாக்டரைத் திட்டியது. ஏழைகளை வைத்துச் சோதனை பண்ணிப் பார்க்க வந்தவன் என்றார்கள். நானும் சேர்ந்து திட்டினேன், மனசாரத் திட்டினேன், ஏனென்றால் அவர் சொன்னதாகத்தான் நானும் நம்பினேன். மறுவருஷம் முகாம் போட்டபோது எங்கள் தெருவிலிருந்து ஒருவரும் போகவில்லை. அத்தை கடைக்குத் திரும்பிப் போனது; வலப்பக்கத்திலிருந்து அரக்கு கேட்டால் இடப்பக்கத்து ஆளுக்குப் பச்சையைக் கொண்டுபோய்க் கொடுத்தது. ஒரு மாதத்தில், பெட்டி கட்டும் பின்னறைக்கு மாற்றிவிட்டார்கள்.

விஷயம் எனக்குத் தெரிந்தது அதே ஏழாம் வகுப்பில், லெசன் பதினொன்றில். கேசட்டுக்காரியோடு ஓர் ஆண் தொலைபேசியில் பேசுவான். ‘ஐ கேன் ஹியர் யூ’ என்றான், எல்லாரும் அப்படியே எழுதினோம். மிஸ் விடைப் புத்தகத்தைப் பார்த்து, ‘ஐ காண்ட் ஹியர் யூ’ என்று வாசித்தார். புவனா எழுந்தாள். ‘மிஸ், அவன் கேன்னுதானே மிஸ் சொன்னான்?’

‘அமெரிக்கன்ஸ் அப்டித்தான். நம்ம மாதிரி காண்ட்னு சொல்ல மாட்டாங்க, கேன்ட்டும்பாங்க, அதுலயும் கடைசி டி-ய முழுங்கிடுவாங்க. நில்லு’ என்றார் மிஸ், எந்த அலட்டலும் இல்லாமல்.

எழுந்து நேரே மேசைக்குப் போனேன், யாரையும் கேட்காமல் டேப்பைப் பின்னால் ஓட்டினேன், போட்டேன். மறுபடி ஓட்டினேன், போட்டேன். இன்னொரு தரம். மூன்றாவது தரத்தில் அது பிடிபட்டது. அந்த ஆள் ‘முடியும்’ என்னும்போது ‘க்ன்’ என்று சப்பிவிட்டு அடுத்த சொல்லுக்கு ஓடிவிடுகிறான்; ‘முடியாது’ என்னும்போதுதான் ‘கேன்’ என்று அழுத்தி முழுசாகச் சொல்கிறான். தெளிவாகக் கேட்டால் அது ‘கூடாது’, மங்கலாகக் கேட்டால் அது ‘ஆகும்’. முகாமில் எனக்கு அத்தனை தெளிவாகக் கேட்டதே, அதுதான் கூடாது என்பது. மிஸ் ஓடிவந்து என் காதைப் பிடித்துத் திருகி வெளியே நிறுத்தினார். ஒரே தடவை போட்டுவிட்டு எங்களைச் செவிடர்கள் என்று நம்பவைத்த அந்த அம்மாளை எதிர்த்து அன்றைக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

இன்றைக்கு அந்தப் பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறது. கேசட்டும் இல்லை, உஸ்ஸும் இல்லை. என் மேசைக்கு அடியில் புவனா வீட்டுத் தறியில் இருந்த மாதிரி ஒரு மிதி இருக்கிறது. மிதித்தால் குரல் பின்னால் போகும், எத்தனை தரம் வேண்டுமானாலும் போகும். கடைக்காரர், கண்டக்டர், மேலதிகாரி யாராக இருந்தாலும் ‘இன்னொரு தரம் சொல்லுங்க’ என்கிறேன், திமிர் பிடித்தவள் என்று பேரும் வாங்கியிருக்கிறேன். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், தலையாட்டிக்கொண்டே. அத்தையிடம் ஒரு கிறிஸ்துமஸ் அன்று, வீடு முழுக்கச் சத்தமாக இருந்தபோது, வலப்பக்கம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அது சிரித்துக்கொண்டே தலையாட்டியது. சொல்லிவிட்டேன் என்று கணக்கு வைத்துக்கொண்டு பல வருஷம் ஓட்டினேன்.

போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண் தன் மகனுக்கு இங்கிலீஷ் கேட்டுப் பழக வழி சொல்லச் சொன்னாள். ‘எங்க ஜெனியக் கேளு, ஏழாவது படிக்கும்போதே வெள்ளக்கார டாக்டர் பேச்ச அப்டியே தமிழ்ல சொன்னவ’ என்றது அத்தை, பெருமையாக. அந்தப் பெண் போன பிறகு நாற்காலியை இழுத்து அத்தையின் இடப்பக்கம் போட்டேன். டாக்டர் எண்ணெய் விடக் கூடாது என்றுதான் சொன்னார், நான் தப்பாகக் கேட்டேன், சந்தேகம் வந்தும் திருப்பிக் கேட்கவில்லை என்றேன்.

அத்தை தலையாட்டவில்லை. என் வாழ்நாளில் அது தலையாட்டாமல் இருந்து பார்த்தது அன்றுதான். மூன்று வீடு தள்ளி டம்ளர் விழுந்தால்கூடக் கேட்கும் அந்த இடது காதை என் பக்கம் நன்றாகத் திருப்பியது.

‘சரியா காதுல வுழல’ என்றது. ‘இன்னொரு தரம் சொல்லு.’

சொன்னேன்.